"முதல்ல குடிய நிறுத்தட்டும்" என்பவர்களுக்கு

திருப்புட்குழியில் மறுத்துப் பேசுவது புதிதல்ல. காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் சாலையில் போனால், பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டிய ஊர் இது. யாதவப்பிரகாசர் இங்கே வேதாந்தம் சொல்லிக்கொடுத்தார் என்றும், படிக்க வந்த ராமானுஜர் குரு சொன்ன பொருளை ஏற்காமல் எதிர்வாதம் வைத்தார் என்றும் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. அதே மண்ணில் நின்று நானும் ஒன்றை மறுக்கிறேன். டீக்கடையிலும் பஞ்சாயத்திலும் கல்யாணப் பந்தியிலும், சில சமயம் ஆஸ்பத்திரி வராந்தாவிலும்கூட ஒரே குரலில் சொல்லப்படும் தீர்ப்பு அது: "எல்லாம் குடி பண்ற வேலை. முதல்ல குடிய நிறுத்தட்டும், மத்ததெல்லாம் தானா சரியாயிடும்."

இந்தத் தீர்ப்பின் கீழ் யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். விடிய விடியத் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர். காரணமே இல்லாமல் மனைவியைச் சந்தேகப்படுபவர். யாரோ காதருகே திட்டுகிறார்கள் என்று பயந்து கதவைத் தாழிடுபவர். ஒரு முறை கயிற்றோடு போய், ஊர்க்காரர்கள் இழுத்து வந்தவர். வாயில் வாடை அடித்துவிட்டால் இத்தனை பேருக்கும் விசாரணை அங்கேயே முடிந்துவிடும். குடிகாரன், அவ்வளவுதான்.

குடியும் மனநோயும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால், எது முதலில் வந்தது என்று பட்டிமன்றம் நடத்துவதை விட்டுவிட்டு, இரண்டுக்கும் ஒரே இடத்தில், ஒரே சமயத்தில் வைத்தியம் தொடங்க வேண்டும். "முதலில் அது, பிறகு இது" என்று வரிசை போட்டால், நடைமுறையில் இரண்டுக்குமே வைத்தியம் கிடைக்காது. இதுதான் என் வாதம்.

எதிர்த்தரப்பிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். அவர்கள் பேச்சில் பாதி உண்மை. பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்ன ஆகும் என்பது அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். உடம்பு நடுங்கும், வேர்த்துக் கொட்டும். சுவரில் பூச்சி ஊர்வதாகக் கையை வீசுவார். பகலா இரவா தெரியாது, எதிரே நிற்பது மகனா மைத்துனனா புரியாது. வலிப்பும் வரலாம். பேய் பிடித்துவிட்டது என்று தாயத்துக் கட்ட ஓடும் வீடுகள் உண்டு. அது முழுக்க முழுக்கக் குடியை நிறுத்தியதால் மூளையில் ஏற்படும் கொந்தளிப்பு. சரியான மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்துப் பார்த்துக்கொண்டால் சில நாட்களில் தெளிந்துவிடும்.

மனச்சோர்விலும் இப்படி ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவில் பிரௌன், ஷுக்கிட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988-இல் வெளியிட்ட ஆய்வு, குடிக்கு வைத்தியம் பார்க்க வந்த 191 ஆண்களைப் பற்றியது. சேர்ந்த புதிதில் அவர்களில் 42 சதவீதம் பேருக்குக் கடுமையான சோர்வு இருந்தது. நாலு வாரம் குடிக்காமல் இருந்த பிறகு அது 6 சதவீதமாகக் குறைந்தது. "பார்த்தீர்களா, நிறுத்தினால் தானாகச் சரியாகிறது" என்பவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அதனால்தான் அதை நானே முன்னால் வைக்கிறேன்.

இந்தச் சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்யலாம். அந்த நாலு வாரமும் அவர்கள் எங்கே இருந்தார்கள்? சிகிச்சையில் இருந்தார்கள். நேரத்துக்குச் சாப்பாடு, பக்கத்தில் டாக்டர், நடுக்கத்துக்கு மருந்து. நம் ஊரில் "நிறுத்திவிட்டு வா" என்று சொல்லி அனுப்பப்படுபவருக்கு அந்த நாலு வாரத்தை யார் கொடுக்கிறார்கள்? அடுத்து, நாலு வாரம் கழித்தும் சோர்வு தீராமல் மிஞ்சியவர்கள் யார்? குடிக்கு அப்பால் தனியாக ஒரு மனநோய் இருந்திருக்கக்கூடியவர்கள். "தானாகச் சரியாகும்" என்ற வாக்கியம் கைவிடுவது அவர்களைத்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். சேர்ந்த புதிதில் நூற்றுக்கு 42 பேர் என்றால், சோர்வு உச்சத்தில் இருக்கும் முதல் சில வாரங்கள்தான் உயிருக்கே ஆபத்தான வாரங்கள். அப்போது பார்க்காமல் எப்போது பார்ப்பது?

தறிப் பக்கம் போவோம். காஞ்சிபுரத்தைச் சுற்றிய நெசவு வீடுகளில் கோர்வைச் சேலை ஒருவரால் முடிகிற வேலையாக இருந்ததில்லை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு இன்னொரு நிறம் என்று நாடா மாறும். குழித்தறியில் உட்கார்ந்து நெய்பவருக்குப் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். மனைவியாக இருக்கலாம், தம்பியாக இருக்கலாம். நெய்பவருக்குக் காலையில் கை நடுங்கினால் அறுந்த பாவு இழையைப் பிடித்து முடிச்சுப் போட முடியாது. முடிச்சு விழாவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் இருவர் கூலியும் நிற்கும். ஒரு கட்டிங் உள்ளே போனதும் கை நிற்கிறது. அது போதைக்காகக் குடித்த குடியே இல்லை. வேலை செய்யும் நிலைக்கு வருவதற்காகக் குடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது தெரியும். சில வீடுகளில் காசை எடுத்துக் கொடுப்பதே அவர்தான்.

அந்த ஆளுக்குக் குடி முதலில் வந்ததா, மனக்கவலை முதலில் வந்ததா? முதலாளியிடம் வாங்கிய முன்பணம், விசைத்தறிச் சேலையோடு போட்டி, தறிக்கு வராமல் ஒரகடம் கம்பெனிக்குப் போய்விட்ட மகன், தூக்கமில்லாத இரவு, தூக்கத்துக்காக ஆரம்பித்த குவார்ட்டர், குவார்ட்டர் கெடுத்த தூக்கம். இந்த நூல்கண்டில் நுனி எது என்று அவருக்கே தெரியாது. தெரிந்தால்தான் மருந்து தருவேன் என்பது என்ன நியாயம்? விவரமான மனநல மருத்துவர் சில கேள்விகள் கேட்பார். குடிப்பதற்கு முன்பே இப்படி இருந்ததா? குடிக்காமல் இருந்த மாதங்களில் எப்படி இருந்தீர்கள்? குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா? பதிலை வைத்து ஒரு கணக்குப் போடுவார், வைத்தியத்தையும் அன்றைக்கே தொடங்குவார். போகப்போகக் கணக்கைத் திருத்திக்கொள்வார். நுனி தேடுவது வைத்தியத்தின் ஒரு பகுதி. அதை வைத்தியத்துக்கு முன்நிபந்தனை ஆக்கக்கூடாது.

"எல்லாம் மனசு வைக்கிறதுல இருக்கு. மாலை போட்டா நாப்பத்தெட்டு நாளும் தொடமாட்டான். அப்ப முடியுதுல்ல?" தமிழ்நாட்டில் யாரும் பதில் சொல்ல முடியாத வாதமாக இதைத்தான் வைப்பார்கள். நான் பதில் சொல்கிறேன். அந்த 48 நாள் என்னவெல்லாம் நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விடிகாலைக் குளியல். தினமும் பூஜை, பஜனை. அக்கம்பக்கத்தில் மாலை போட்ட பத்துப் பேர் துணை. வழிநடத்த ஒரு குருசாமி. முன்தினம் வரை "குடிகாரப் பய" என்றவர்கள் வாய்நிறைய "சாமி" என்கிறார்கள், மனைவியும் சாமி என்கிறாள், பிள்ளையும் சாமி என்கிறான். முன்னால் ஒரு மலை, போய்ச் சேர ஒரு தேதி. இத்தனையும் சேர்ந்து தாங்கியதைத் தனி ஆளின் மனவுறுதி என்று கணக்கு எழுதுகிறோம். மாலையைக் கழற்றியதும் துணை போகிறது, பட்டம் போகிறது, மறுநாளே பழைய பெயர் வருகிறது. பாட்டிலைத் திறந்தால் "பாத்தியா, திமிரு" என்கிறோம். 48 நாள் எனக்குச் சொல்வது வேறு: மரியாதையும் ஒழுங்கும் துணையும் கிடைத்தால் இந்த ஆள் எழுந்து நிற்பார். கழற்றிய பிறகும் அவற்றைத் தர ஏற்பாடு உண்டா என்பதுதான் கேள்வி.

அந்த 48 நாளில் இன்னும் இரண்டு பேர் கண்ணில் படுவதில்லை. முதலாமவர், அளவுக்கு மீறிய குடிநோயாளி. டாக்டரைப் பார்க்காமல் ஒரே நாளில் நிறுத்திவிட்டு, மூன்றாம் நாள் மாலையோடு வலிப்பு வந்து விழுபவர். அவரிடம் குறைந்தது பக்தியா, மனவுறுதியா? இரண்டாமவர், ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் விரதம் இருந்தும் முகம் தெளியாதவர். சரணம் போடுவார், சாப்பாடு இறங்காது, தூங்கமாட்டார். குடிதான் காரணம் என்றால் இப்போது குடி இல்லையே, இன்னும் ஏன் இப்படி இருக்கிறார்? இந்தக் கேள்வியைக் கேட்க அதைவிட நல்ல நேரம் அமையாது. யாரும் கேட்பதில்லை.

எதிர்ப்பக்கத்தில் ஒரு சாக்கும் உண்டு. "பாவம், மனசு கஷ்டம், அதான் குடிக்கிறான்." இதையும் நான் ஏற்கவில்லை. கஷ்டத்துக்குக் குடிப்பவருக்கு முதல் ஒரு மணி நேரம் இலேசாக இருக்கும். அதே சரக்கு பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும், காலையில் பதற்றத்தை ஏற்றும், மாதக்கணக்கில் சோர்வை ஆழமாக்கும். கஞ்சா பற்றிய சான்று இன்னும் கடுமையானது. ஸ்வீடனில் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட 45,570 இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1987-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பிடித்ததாகச் சொன்னவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிட ஆறு மடங்கு. "இலைதானே, மூலிகைதானே" என்று சொல்லும் கல்லூரிப் பையன்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதேசமயம், அந்த ஆறு மடங்குக்காரர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் வரவில்லை. புகை எல்லோருக்கும் ஒன்றுதான், தாங்கும் மூளை ஒன்றில்லை. போதை நோயைக் கிளப்பும், நோய் போதையைத் தேடவைக்கும். ஒன்றை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுபவர் பாதி வழக்கைத்தான் நடத்துகிறார்.

பாதி வழக்கு நடத்துவதில் அரசாங்கமும் சளைத்ததில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் இந்தியாவில் 1,70,924 தற்கொலைகள். தமிழ்நாட்டில் 19,834. காரணம் என்ற பட்டியலில் குடும்பப் பிரச்சினைக்கு 31.7 சதவீதம், நோய்க்கு 18.4, போதைக்கும் குடிக்கும் 6.8. ஒரு சாவுக்கு ஒரு காரணம். குடித்தார், அதனால் மனைவி தாய்வீடு போனார், அதற்கு முன்பே சோர்வு இருந்தது, கடைசியில் தூக்குப் போட்டுக்கொண்டார் என்றால், எழுதும் போலீஸ்காரர் எந்தக் கட்டத்தில் எழுதுவார்? எதில் எழுதினாலும் மற்ற இரண்டும் மறைந்துவிடும்.

வைத்தியத் துறையும் அப்படியே பிரிந்து கிடக்கிறது. மறுவாழ்வு மையங்களுக்கு மத்திய நிதி சமூக நீதி அமைச்சகத்திலிருந்து வருகிறது. மாவட்ட மனநலத் திட்டத்துக்குச் சுகாதார அமைச்சகத்திலிருந்து. ஒரே ஆளின் ஒரே தலைக்குள் இருக்கும் இரண்டு நோய்க்கும் டெல்லியில் இரண்டு கட்டடம். இங்கே மையத்துக்குப் போனால் "இது மெண்டல் கேஸ், அங்க போ" என்பார்கள். மனநலப் பிரிவுக்குப் போனால் "குடிச்சிட்டு வந்தா பார்க்கமாட்டோம்" என்பார்கள். பஸ் சார்ஜுக்கே கடன் வாங்கிய மனைவி மூன்றாவது இடத்துக்குப் போகமாட்டாள். 2019-இல் எய்ம்ஸ் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, குடிநோயில் சிகிச்சை கிடைக்காதவர்கள் 86 சதவீதம் என்றது. சட்டமோ எப்போதோ தெளிவாகிவிட்டது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோய்க்குத் தரும் விளக்கத்திலேயே, மதுவாலும் போதைப்பொருளாலும் ஏற்படும் மனநிலைப் பாதிப்புகளும் அடங்கும். சட்டம் சேர்த்துவைத்ததை வராந்தா இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறது.

சேர்த்துப் பார்த்தால் பலன் உண்டா? உண்டு. மனச்சோர்வும் குடிநோயும் சேர்ந்த 170 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று 2010-இல் வெளியானது. சோர்வுக்கு செர்ட்ராலின், குடி வேட்கைக்கு நால்ட்ரெக்சோன் என்று இரண்டு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் ஏறக்குறைய 54 சதவீதம் பேர் குடியை விட்டிருந்தார்கள். ஏதாவது ஒன்றை மட்டும் கொடுத்த பிரிவுகளிலும், வெற்று மாத்திரை கொடுத்த பிரிவிலும் அது 20 முதல் 28 சதவீதத்துக்குள் நின்றது. ஒன்றை மட்டும் பார்த்தால் ஒன்றுமே பார்க்காததற்குச் சமம் என்று அந்த எண்கள் சொல்கின்றன.

"இதுக்கெல்லாம் டாக்டர் எங்கே?" என்பார்கள். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், டாக்டர் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக உட்கார வைத்தார்கள். குடிப்பவர்களிடம் சில அமர்வுகள் பேசியதற்கே மூன்று மாதத்தில் பலன் தெரிந்தது. முந்தைய இரண்டு வாரமும் குடிக்கவில்லை என்றவர்கள் அந்தப் பிரிவில் 42 சதவீதம், ஆலோசனை கிடைக்காத பிரிவில் 18. அதே திட்டத்தில் மனச்சோர்வுக்கும் அதே மாதிரி ஆலோசகர்கள்தான். நம்மிடமும் முன்னோடி உண்டு. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் பெயரில் தொடங்கிய அமைப்பு, பிறகு திருவாரூர் பக்கம் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டது. ஊரே இடம் கொடுத்து, ஊரே பின்தொடர்ந்து விசாரித்து, குடிநோயாளிகளை ஊருக்குள் வைத்தே தேற்றும் முறை. மஞ்சக்குடியில் முடிந்தது திருப்புட்குழியில் ஏன் முடியாது?

அதைச் செய்வதற்குப் பதிலாக நாம் செய்துகொண்டிருப்பவை என்ன? ஒன்று, அடி. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகியபோது நாடே பதறியது. பைத்தியத்தைக் கட்டிவைக்கக் கூடாது என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டோம். குடிகாரன் என்றால் மட்டும் "நாலு சாத்து சாத்தினா சரியாயிடும்" என்று இன்றும் சொல்கிறோம். உரிமம் இல்லாத மையங்களில் அதுவேதான் சிகிச்சையாக நடக்கிறது.

இன்னொன்று, கலந்து கொடுப்பது. "அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று விற்கும் பொடியும் மாத்திரையும். இவற்றில் சிலவற்றில் இருக்கக்கூடிய டைசல்ஃபிராம் நல்ல மருந்துதான், ஆனால் சாப்பிடுபவருக்குத் தெரிந்தே கொடுக்க வேண்டிய மருந்து. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். மனச்சிதைவு இருப்பவருக்கு அந்த நோயையே கிளறிவிடவும் கூடும். சாப்பாட்டில் மனைவி ஏதோ கலக்கிறாள் என்று ஏற்கெனவே பயந்துகொண்டிருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு நாம் உண்மையிலேயே கலந்து கொடுக்கிறோம். அவர் சந்தேகத்துக்கு நாமே சாட்சி தேடித் தருகிறோம்.

கோயிலைப் பற்றி நான் குறை சொல்லவரவில்லை. சோளிங்கர் மலைக்கு மனநலம் குன்றியவர்களை அழைத்துப்போய்த் தங்கவைக்கும் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுத்தால் மரகதவல்லித் தாயார் அருளால் முளைக்கும் என்று நம்பும் ஊர் திருப்புட்குழி. அந்த ஊருக்கு ஒரு குடிநோயாளி தேறுவார் என்று நம்புவதுதான் கஷ்டமாக இருக்கிறது. யாதவப்பிரகாசரால் முடியாமல் ராமானுஜர் தீர்த்ததாகச் சொல்லப்படும், பிரம்மராட்சதன் பிடித்த இளவரசியின் கதையில், அவளைப் பார்த்து "எல்லாம் உன் கொழுப்பு" என்று யாரும் சொல்லவில்லை. பேய் பிடித்தவருக்குப் பரிதாபம், பாட்டில் பிடித்தவருக்கு வசவு. இந்தப் பாகுபாட்டை நோய் பார்ப்பதில்லை.

இத்தனைக்கும் மேல் எனக்கு வலிக்கிற ஒரு கேள்வி உண்டு. அதைப் பெண்கள் கேட்கிறார்கள்: "தினம் அடிக்கிறவனுக்கு நோய்னு பேர் வெச்சு தப்பிக்க விடுறீங்களா?" இல்லை. நோய் வைத்தியத்துக்குக் காரணம், அடிக்க உரிமம் ஆகாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. இரண்டையும் பயன்படுத்திக்கொண்டே கணவனை வைத்தியத்துக்கு அனுப்பலாம். அவர் திருந்தும்வரை அடி வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் தூங்காத இரண்டாவது ஆள் அந்தப் பெண். சேர்த்துப் பார்க்கும் வைத்தியம் என்று நான் சொல்வதில் அவளுடைய சோர்வையும் பயத்தையும் கேட்பதும் அடங்கும்.

கடைசியாக, "கடையை மூடு, எல்லாம் முடிந்தது" என்பவர்கள். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது, 2024-25-இல் அதன் வருவாய் 48,000 கோடியைத் தாண்டியது. கடைகள் குறைவதை நானும் கேட்கிறேன். ஆனால் மூடிப் பார்த்த அனுபவமும் நமக்கு உண்டு. 2020 ஊரடங்கில் புதுக்கோட்டைப் பக்கம் மீனவர்கள் சவர லோஷனைக் கலந்து குடித்து இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கடை திறந்திருக்கும்போதே மலிவான பாக்கெட் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தது. கடை என்பது சரக்கு வரும் வழி. அதைத் தேடும் மூளைக்குப் பூட்டு ஒரு வைத்தியம் ஆகாது.

தமிழ்நாடு அரசு 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்தது. அவை ஒவ்வொன்றிலும் ஒரே மேஜையில், ஒரே சீட்டில், குடிக்கும் மனதுக்கும் சேர்த்து மருந்து எழுதப்பட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சர்க்கரை பார்க்க வருபவரிடம் "எவ்வளவு குடிப்பீர்கள், எப்படித் தூங்குகிறீர்கள்" என்று இரண்டையும் கேட்க வேண்டும். குடிப்பேன் என்றவரிடம் சாக எண்ணம் உண்டா என்று கேட்க வேண்டும். சோர்வு என்றவரிடம் குடி உண்டா என்று கேட்க வேண்டும். கேட்க ஆளில்லாத இரவில் 14416 என்ற இலவச மனநல உதவி எண் தமிழிலேயே பேசும். குடித்துவிட்டுக் கூப்பிட்டாலும் பேசும்.

"முதல்ல குடிய நிறுத்தட்டும்" என்று இனி யாராவது சொன்னால் அவரிடம் கேளுங்கள்: நிறுத்த முடியாததுதானே அந்த ஆளின் நோய்? நோய் தீர்ந்த பிறகு வா என்று சொல்ல எதற்கு ஒரு டாக்டர், எதற்கு ஒரு ஆஸ்பத்திரி? குடித்திருந்தாலும் இன்றைக்கே கூட்டி வாருங்கள், சீட்டுப் போடுகிறோம் என்று சொல்கிற இடம் ஒன்று தாலுகாவுக்குத் தாலுகா வரும்வரை இதை விடாமல் கேட்க வேண்டும்.